சக்கரங்களைக் கண்டவர் ஹான்ஸ் கிரெப்ஸ்

(இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

தாவரவியல், விலங்கியல், வேதியியல் என்னும் மூன்றனுள் எதனைப் பயில்பவராயினும் கிரெப்ஸ் சுழற்சியை ஒருமுறையேனும் வரைந்து காட்டாமல் பட்டம் பெற்றுவிட முடியாது. சிட்ரிக் அமிலம் தொடங்கி ஆக்சலோ அசெட்டிக் அமிலம் வரை வரிசை பிறழாமல் ஒப்பிப்பதற்கு நம்முள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சூத்திரம் வைத்திருக்கிறோம். வட்டத்தை வரைகிறோம்; அம்புக்குறிகளை இடுகிறோம்; மதிப்பெண்ணை வாங்கிக்கொள்கிறோம். வட்டத்தின் தலைப்பில் பெயராக மட்டும் நிற்கும் அந்த மனிதர் யார், எந்நாட்டவர், எப்பாடு பட்டு அதைக் கண்டார் என்று கேட்பார் இல்லை.

விடைத்தாளில் அவர் பெயரால் ஒரு சக்கரந்தான் இடம்பெறுகிறது. உண்மையில் அவர் கண்ட முதற் சக்கரம் வேறு. அது, அமினோ அமிலங்கள் சிதையும்போது வெளிப்படும் அம்மோனியாவை உடல் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. அதே சக்கரம், செய்முறை வகுப்பில் நாம் நுண்ணோக்கியில் பார்க்கும் நீலப்பசும்பாசிகளில் வேறொரு கோலத்தில் சுழல்கிறது என்பது 2018 ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அப்போது கிரெப்ஸ் மறைந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வாழ்க்கையையும், அவர் காணாமற் போன அந்தப் பாசியின் கதையையும் சேர்த்தே இங்குச் சொல்ல விழைகிறேன்.

ஹான்ஸ் அடால்ஃப் கிரெப்ஸ் 1900 ஆகஸ்ட் 25 அன்று ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரில் பிறந்தார். தந்தையார் கியோர்க் கிரெப்ஸ் காது, மூக்கு, தொண்டை மருத்துவர், தாயார் ஆல்மா. வசதியான குடும்பம். யூத மரபில் வந்தவர்களாயினும் சமயச் சடங்குகளில் அவ்வளவாக ஈடுபாடு இல்லாதவர்கள். தாங்கள் ஜெர்மானியர் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை. அந்த ஐயத்தைப் பின்னாளில் அரசாங்கமே எழுப்பியது.

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், 1918-ல், அவரைப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். சில வாரங்களில் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனார். கோட்டிங்கன், ஃப்ரைபர்க், மியூனிக், பெர்லின் எனப் பல ஊர்ப் பல்கலைக்கழகங்களில் பயின்று, 1925-ல் ஹாம்பர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். தந்தையைப் போல மருத்துவராக வேண்டும் என்பதே தொடக்கத்தில் அவர் எண்ணம். ஆனால் நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டிலும், நோயாளியின் உடலுக்குள் ஓசையின்றி நடக்கும் வேதியியல் மாற்றங்களே அவரைப் பெரிதும் ஈர்த்தன.

1926-ல் பெர்லின் நகரையொட்டிய டாலெமில் ஆட்டோ வார்பர்க்கிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வார்பர்க் செல்களின் சுவாசத்தை ஆராய்ந்தவர், 1931-ல் நோபல் பரிசு பெற்றவர், மிகவும் கண்டிப்பானவர். அவரிடம் நான்காண்டுகள் இருந்து கிரெப்ஸ் இரண்டு உத்திகளைக் கற்றார். ஒன்று, உயிருள்ள திசுவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடிக் குடுவையில் ஊட்டக் கரைசலில் வைத்து உயிரோடு காப்பது. சீவல் மெல்லியதாக இருப்பதால் ஆக்சிஜன் உள்வரை சென்று சேரும். செல்கள் உடம்பில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு தம் வேலையைப் பார்க்கும். மற்றொன்று, அந்தச் சீவல் உட்கொள்ளும் வாயுவையும் வெளியிடும் வாயுவையும் அழுத்தமானி என்னும் வளைந்த கண்ணாடிக் குழாயால் அளந்து அறிவது. பின்னாளில் அவர் செய்த பெருஞ்செயல்கள் அனைத்திற்கும் இவ்விரண்டே கருவிகள்.

1930-ல் வார்பர்க் அவரை அனுப்பிவிட்டார். ஆராய்ச்சித் துறையில் இவருக்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாக அந்த ஆசிரியர் கருதவில்லை. மருத்துவத் தொழிலுக்கே திரும்புவது நல்லது என்பது அவருடைய முடிவு. மாணவரைப் பற்றிய ஆசிரியரின் மதிப்பீடு தவறிப்போன வரலாறுகளில் இதற்கு முதலிடம் தரலாம். (நம் பேராசிரியர்கள் பொறுத்தருள்க!)

கிரெப்ஸ் சொன்ன சொல்லைக் கேட்கவும் செய்தார், கேளாமலும் இருந்தார். ஆல்டோனாவில் சிறிது காலமும், 1931 முதல் ஃப்ரைபர்க்கிலும் மருத்துவமனை வேலைக்குப் போனார். பகலில் நோயாளிகளைக் கவனித்தார். எஞ்சிய பொழுதில் ஆய்வுக்கூடத்தில் கல்லீரலைச் சீவினார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வியைச் சற்று விளக்க வேண்டும். புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் நைட்ரஜன் உண்டு. உடல் அமினோ அமிலத்தை எரித்து ஆற்றல் பெற வேண்டுமாயின், பெரும்பாலும் முதலில் அந்த நைட்ரஜனைக் கழற்றியாக வேண்டும். கழற்றப்பட்ட நைட்ரஜன் அம்மோனியாவாகிறது. அம்மோனியாவோ நஞ்சு, இரத்தத்தில் மிகுந்தால் மூளையைத் தாக்கும். ஆகவே பாலூட்டிகளின் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. யூரியாவை வேதியியலார் வோலர் 1828-லேயே ஆய்வுக்கூடத்தில் தயாரித்துவிட்டார். ஆனால் குடுவையில் செய்யத் தெரிந்ததைக் கல்லீரல் எவ்வாறு செய்கிறது என்பது நூறாண்டு கடந்தும் விளங்கவில்லை.

கிரெப்சுக்குத் துணையாக வந்தவர் குர்ட் ஹென்ஸ்லெயிட் என்னும் மருத்துவ மாணவர். ஆம், மாணவர்தாம். இருவரும் எலியின் கல்லீரற் சீவல்களைக் கரைசலில் இட்டு, அம்மோனியாவைச் சேர்த்து, அதனோடு ஒரு முறைக்கு ஒரு பொருளாக அமினோ அமிலங்களையும் பிற பொருள்களையும் கலந்து, எதைச் சேர்த்தால் யூரியா மிகுதியாக உண்டாகிறது என்று பார்த்தனர். உண்டான யூரியாவை யூரியேஸ் நொதியால் சிதைத்து, வெளிப்படும் கார்பன்டைஆக்சைடை அழுத்தமானியில் அளந்தனர். அவர்கள் இதற்கெனக் கலந்து வைத்த உப்புக் கரைசல் இன்றும் கிரெப்ஸ் - ஹென்ஸ்லெயிட் கரைசல் என்ற பெயரில் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது.

பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆர்னித்தின் என்னும் அமினோ அமிலத்தை அம்மோனியாவோடு சேர்த்தபோது மட்டும் யூரியா பெருகி வந்தது. ஆர்னித்தின் புரதங்களில் இடம்பெறாத ஓர் அமினோ அமிலம். அதற்கு இவ்வளவு ஆற்றலா? அதில் ஆர்ஜினின் கலந்திருக்குமோ என்று ஐயுற்று மீண்டும் செய்து பார்த்தனர். கலப்படம் இல்லை. ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை ஆர்ஜினேஸ் என்ற நொதி உடைத்தால் யூரியாவும் ஆர்னித்தினும் கிடைக்கும் என்பது அதற்கு முன்பே அறிந்த செய்தி. எனினும் ஆர்னித்தினைப் போட்டால் யூரியா ஏன் பெருக வேண்டும் என்பது பல மாதங்கள் புரியாமலே இருந்தது.

ஆர்னித்தினின் அளவைக் குறைத்துக் கொண்டே போய்ப் பார்த்தபோதுதான் வழி திறந்தது. மிகச் சிறிதளவு ஆர்னித்தினே போதும். அதைப்போலப் பல மடங்கு யூரியா வந்தது. ஆர்னித்தினோ செலவாகவில்லை. அப்படியானால் அது மூலப்பொருள் அன்று. வினையூக்கி போல வந்து, வேலையை முடித்து, மீண்டும் தன் இடத்திற்கே திரும்புகிறது. ஆர்னித்தின் அம்மோனியாவையும் கார்பன்டைஆக்சைடையும் ஏற்றுச் சிட்ருலினாகிறது. சிட்ருலின் இன்னொரு நைட்ரஜனை ஏற்று ஆர்ஜினினாகிறது. ஆர்ஜினின் உடைந்து யூரியாவை உதிர்த்துவிட்டு மறுபடி ஆர்னித்தினாகிறது.

கமலைச் சாலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். (கமலை இறைப்பதை நான் பார்த்ததில்லை. என் தாத்தா சொல்லக் கேட்டதுதான்.) சால் கிணற்றில் இறங்குகிறது, நீரை மொள்கிறது, மேலே வந்து வாய்க்காலில் கொட்டுகிறது, வெறுஞ்சாலாக மீண்டும் இறங்குகிறது. நாளெல்லாம் நீர் பாய்கிறது, சால் ஒன்றுதான். அந்தச் சால்தான் ஆர்னித்தின்.

சிட்ருலின் என்ற பெயரைக் கேட்டதும் தாவரவியல் மாணவர்களுக்குச் சிட்ருல்லஸ், அதாவது தர்பூசணி, நினைவுக்கு வரவேண்டும். அதன் சாற்றிலிருந்துதான் அது முதலில் கிடைத்தது. ஜப்பானியரான வாடா என்பவர் 1930-ல் அதன் அமைப்பைத் தெளிவுபடுத்தியிருந்தார். தர்பூசணியின் சாற்றில் கண்ட பொருள் இரண்டாண்டுக்குள் எலியின் கல்லீரலுக்கு விளக்கம் தந்தது. படிக்கும்போது இது பயனற்ற செய்தி, இது பயனுள்ள செய்தி என்று பிரித்து ஒதுக்குவது எத்துணைக் கடினம் பாருங்கள்.

1932-ல் வெளிவந்த இந்த ஆர்னித்தின் சுழற்சியே, உயிர்வேதியியலில் கண்டறியப்பட்ட முதல் வளர்சிதைமாற்றச் சுழற்சி. அதுவரை அறிஞர்கள் வினைகளை நேர்கோட்டில், ஒன்றிலிருந்து மற்றொன்றாக, ஏணிப்படிகள் போல அடுக்கிப் பார்த்தனர். கோட்டை வளைத்து முடிச்சிட்டவர் கிரெப்ஸ். (இரண்டாவது நைட்ரஜன் அம்மோனியாவாக நேரே வருவதில்லை, அஸ்பார்டிக் அமிலத்தின் வழியாக வருகிறது என்பதைப் பின்னர் அமெரிக்காவின் சாரா ராட்னர் அம்மையார் கண்டு சொன்னார்.)

புகழ் பரவத் தொடங்கிய அந்த வேளையில் நாடு மாறிவிட்டது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் யூத மரபினரை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. கிரெப்சுக்கும் பணிநீக்க ஆணை வந்து சேர்ந்தது. அவர் கண்டுபிடிப்பில் குறை ஒன்றும் இல்லை. நோயாளிகளிடம் நடந்துகொண்ட முறையிலும் குறை இல்லை. பிறப்பு ஒன்றே காரணம். பிறப்பைக் காட்டிக் கல்விக்கூடத்தின் கதவைச் சாத்துவது எப்படிப்பட்டது என்பதை, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் என்ற முறையில் நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் இருந்தார். டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைக் கண்டவர். வைட்டமின் ஆய்வுக்காக 1929-ல் நோபல் பரிசு பெற்றவர். அப்போது ராயல் கழகத்தின் தலைவர். ஆர்னித்தின் சுழற்சியின் அருமையை முன்பே உணர்ந்திருந்த அவர், கிரெப்சைத் தம்மிடம் வரச்சொன்னார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவித்தொகை அளித்தது. 1933 ஜூனில் கிரெப்ஸ் கடல் கடந்தார். கையில் பணம் இல்லை. ஆனால் தம் அழுத்தமானிகளையும் கண்ணாடிக் கருவிகளையும் பெட்டி பெட்டியாகக் கட்டி எடுத்து வந்தார். அகதியாகப் போகிறவர் எதை எடுத்துச் செல்கிறார் என்பதைக் கொண்டே அவர் யார் என்று சொல்லிவிடலாம் போலும்.

கேம்பிரிட்ஜில் இருந்த இரண்டாண்டுகளில் அமினோ அமிலங்களை விடவில்லை. சிறுநீரகச் சீவல்களில் அவை எவ்வாறு நைட்ரஜனை இழக்கின்றன என்று ஆராய்ந்தார். அமினோ அமிலங்களுக்கு வலக்கை, இடக்கை போல இரு வடிவங்கள் உண்டு. புரதங்களில் இருப்பது ஒரு வடிவமே. விந்தை என்னவென்றால், புரதத்தில் இல்லாத மறு வடிவத்தைச் சிறுநீரகம் இன்னும் விரைவாகச் சிதைத்தது. அதற்கெனத் தனி நொதி இருப்பதை அவர் அறிந்து கூறினார். அடுத்து, 1935-ல், குளூட்டமிக் அமிலம் அம்மோனியாவை ஏற்றுக் குளூட்டமினாக மாறுவதையும், அதற்கு ஆற்றல் தேவைப்படுவதையும் காட்டினார். பாடநூலில் ஓரிரு வரியில் முடிந்துபோகும் இந்தக் குளூட்டமின் வினையை நினைவில் வைத்திருங்கள். பாசியின் கதையில் இது முதன்மையான இடத்தில் வரும்.

அதே ஆண்டில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. எஃகு ஆலைகளின் புகை சூழ்ந்த நகரம் அது. அங்குதான் நாம் மனப்பாடம் செய்யும் அந்த வட்டம் பிறந்தது. இம்முறை திசு புறாவின் நெஞ்சுத் தசை. பறப்பதற்கு ஓயாமல் உழைப்பதால் அதன் சுவாசம் மிக விரைவானது. துணை, வில்லியம் ஜான்சன் என்னும் ஆராய்ச்சி மாணவர். சில அமிலங்கள் தசையின் சுவாசத்தை ஊக்குவிக்கின்றன என்று அங்கேரியின் சென்ட் ஜியார்ஜி கண்டிருந்தார். சிட்ரிக் அமிலம் படிப்படியாகச் சிதைந்து ஆல்ஃபா கீட்டோ குளூட்டாரிக் அமிலமாகிறது என்று ஜெர்மனியின் மார்ஷியசும் நூப்பும் காட்டியிருந்தனர். மணிகள் பலரிடம் இருந்தன. கோக்கத்தான் ஆள் இல்லை. ஆக்சலோ அசெட்டிக் அமிலத்தைத் தசையில் சேர்த்தால் சிட்ரிக் அமிலம் உண்டாகிறது என்பதைக் கிரெப்சும் ஜான்சனும் கண்டனர். கடைசி மணி முதல் மணியைத் தொட்டுவிட்டது. ஒருமுறை ஆர்னித்தினில் சுழற்சியைக் கண்டவருக்கு இங்கே அதை அடையாளம் காண்பது எளிதாயிற்று.

இந்தக் கட்டுரையை 1937 ஜூனில் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். இதழில் வெளியிட வேண்டிய கடிதங்கள் ஏற்கெனவே நிறைய இருப்பதாகச் சொல்லி, நான்கே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிரெப்ஸ் சோர்ந்து உட்காரவில்லை. ஹாலந்தில் வெளிவந்த 'என்சைமோலாஜியா' என்னும் இதழுக்கு அனுப்ப, அங்கே விரைவில் அச்சாயிற்று. பதினாறு ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு கிடைத்தது அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான்.

இனி விரைந்து சொல்கிறேன். 1938-ல் மார்கரெட் ஃபீல்டுஹவுஸ் அம்மையாரை மணந்தார், மூன்று மக்கள். 1939-ல் பிரிட்டிஷ் குடிமகனானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், போரில் சேர மறுத்த தொண்டர்களின் இசைவோடு, மனிதனுக்கு வைட்டமின் ஏ, சி ஆகியவை எவ்வளவு தேவை என்று ஆராய்ந்தார். 1947-ல் ராயல் கழக உறுப்பினர். 1953-ல் ஃப்ரிட்ஸ் லிப்மானோடு சேர்ந்து நோபல் பரிசு. லிப்மானும் அதே டாலெமில் ஒரு காலத்தில் பணியாற்றியவர். அவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். 1954-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். 1957-ல் ஹான்ஸ் கார்ன்பெர்க்கோடு கிளையாக்சிலேட் சுழற்சி. முளைக்கும் எண்ணெய் வித்துகளைப் பற்றிப் படிக்கும்போது நாம் சந்திப்பது அது. 1958-ல் சர் பட்டம். 1967-ல் ஓய்வு பெற்றபின்னும் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றில் ஆய்வுக்கூடம் அமைத்து வேலையைத் தொடர்ந்தார். 1981 நவம்பர் 22 அன்று, 81 ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நோபல் பதக்கத்தை 2015-ல் குடும்பத்தார் ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தை நாடிழந்து வரும் இளம் அறிவியலாளர்களின் படிப்புக்கு என்று ஒதுக்கினார்கள்.

இப்போது பாசிக்கு வருவோம். நீலப்பசும்பாசிகளை இன்று பாக்டீரியாக்களோடு சேர்த்துச் சயனோபாக்டீரியா என்கிறார்கள். வழக்கம் கருதிப் பழைய பெயரையே இங்கு வைத்துக்கொள்கிறேன். நெல்வயலில் தேங்கிய நீரில் படரும் இவை காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குத் தருகின்றன என்பதை 1939-ல் வங்காள மண்ணை ஆராய்ந்து பி. கே. டே காட்டினார். ஒளி இருக்கும்போது இவை தம் உணவைத் தாமே சமைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட உயிருக்கு அமினோ அமிலத்தைச் சிதைக்கும் வேலை எதற்கு?

நைட்ரஜன் என்றும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை என்பதே காரணம். கிடைக்கும் காலத்தில் சேமித்துக் கிடைக்காத காலத்தில் எடுத்துண்ண வேண்டும். நம் வீட்டுக் குதிர் போலப் பாசியின் செல்லிலும் ஒரு குதிர் இருக்கிறது. அதன் பெயர் சயனோஃபைசின். இத்தாலியரான போர்சி 1887-ல் அந்த மணிகளை முதலில் கண்டார். அஸ்பார்டிக் அமிலமும் ஆர்ஜினினும் சரிபாதியாகக் கோத்த நெடுஞ்சங்கிலி அது. ஆர்ஜினினில் ஒரு மூலக்கூறுக்கு நான்கு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. சேமிப்புக்கு அதைவிடச் சிறந்த தானியம் புரத அமினோ அமிலங்களில் இல்லை. பஞ்ச காலம் வந்தால், சயனோஃபைசினேஸ் என்னும் நொதி சங்கிலியை இரண்டிரண்டு மணிகளாக வெட்டுகிறது; இன்னொரு நொதி அந்த இணையைப் பிரித்து அஸ்பார்டிக் அமிலமாகவும் ஆர்ஜினினாகவும் தருகிறது.

ஆர்ஜினின் வந்ததும் கிரெப்சின் முதற் சக்கரம் சுழலத் தொடங்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். சுழல்வது உண்மை. ஆனால் சினிக்கோசிஸ்டிஸ் என்னும் பாசியை ஆராய்ந்த சீன அறிவியலாளர்கள் 2018-ல் கண்டது சற்று வேறு. ஆர்னித்தின் சிட்ருலினாகிறது, சிட்ருலின் ஆர்ஜினினாகிறது. அதுவரை கல்லீரலைப் போலத்தான். ஆர்ஜினின் உடையும் இடத்தில் யூரியா உண்டாவதில்லை. ஒரு தனி நொதி ஆர்ஜினினிலிருந்து இரண்டு அம்மோனியாவையும் ஒரு கார்பன்டைஆக்சைடையும் நேரடியாக விடுவித்து, ஆர்னித்தினை மீட்டுத் தருகிறது. எனவே இதற்கு ஆர்னித்தின் - அம்மோனியா சுழற்சி என்று பெயரிட்டார்கள். கல்லீரல் நைட்ரஜனை வெளியே கொட்டுவதற்காக அந்தச் சாலை இறைக்கிறது. பாசியோ நைட்ரஜனைக் குதிரில் இடவும் குதிரிலிருந்து எடுக்கவும் இறைக்கிறது. நைட்ரஜன் வரத்து ஏறியும் இறங்கியும் மாறும்போது இந்தச் சக்கரம் இல்லாத பாசி தடுமாறுகிறது.

வெளிவந்த அம்மோனியா நஞ்சாயிற்றே, என்னவாகிறது? அதைக் குளூட்டமிக் அமிலம் ஏற்றுக் குளூட்டமினாகிறது. 1935-ல் கேம்பிரிட்ஜில் கிரெப்ஸ் விலங்குத் திசுவில் கண்ட அதே வினை. அங்கிருந்து நைட்ரஜன் மற்ற அமினோ அமிலங்களுக்கெல்லாம் பங்கிடப்படுகிறது.

அனபீனாவில் வேறொரு வழியும் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2019-ல் கண்ட நொதி இரட்டை வேலை செய்கிறது: ஒரு பாதியால் ஆர்ஜினினை ஆர்னித்தினாக்கி, மறு பாதியால் அதைப் புரோலினாக்குகிறது. புரோலின் பின்னர் ஆக்சிஜனேற்றம் பெற்றுக் குளூட்டமிக் அமிலமாகிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் ஆற்றல் தருகின்றன. நைட்ரஜனும் வந்தது, ஆற்றலும் வந்தது. இருட்டில் பாசிக்குப் பெரும்பான்மையான ஆற்றல் கிளைக்கோஜனிலிருந்து வருவதால், இதை மிகையாகக் கருத வேண்டுவதில்லை. ஆயினும் சிறு வருவாயையும் விடாமல் எழுதிவைக்கும் குடும்பத் தலைவியின் சிக்கனம் இதில் தெரிகிறது.

குளூட்டமிக் அமிலத்தின் கார்பன் எலும்புக்கூடு எரிய வேண்டுமாயின் கிரெப்சின் இரண்டாம் சக்கரத்தில் நுழைய வேண்டும். இங்கேதான் நெடுநாள் ஒரு சிக்கல் இருந்தது. 1967-ல், கிரெப்ஸ் ஓய்வு பெற்ற அதே ஆண்டில், ஸ்டேனியர் முதலிய ஆய்வாளர்கள் நீலப்பசும்பாசிகளில் ஆல்ஃபா கீட்டோ குளூட்டாரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி இல்லை என்று அறிவித்தனர். சக்கரத்தில் ஓர் ஆரை இல்லை, வண்டி ஓடாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நூல்களெல்லாம் பாசியின் கிரெப்ஸ் சுழற்சி முற்றுப்பெறாதது என்றே எழுதின. 2011-ல் அமெரிக்காவில் சாங், பிரையன்ட் இருவரும் சினிக்கோகாக்கஸ் என்னும் பாசியில் வேறு இரண்டு நொதிகள் சேர்ந்து அந்த இடைவெளியை அடைப்பதைக் கண்டனர். 2014-ல் சினிக்கோசிஸ்டிசில் இன்னொரு பாலம் தெரிந்தது. அங்குக் குளூட்டமிக் அமிலமே கார்பன்டைஆக்சைடை இழந்து காமா அமினோ பியூட்டிரிக் அமிலமாகி, அதன் வழியே சக்சினிக் அமிலமாகிச் சக்கரத்தில் ஏறிக்கொள்கிறது. அமினோ அமிலமே ஆற்றுக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கிறது என்று சொல்லலாம். நம் பாடநூல்களில் சிலவற்றில் இன்னும் பழைய கூற்றே இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது என்பதைப் பேராசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது நலம்.

அடுத்த செய்முறை வகுப்பில் நாஸ்டாக்கையோ அனபீனாவையோ பார்க்கும்போது, ஹெட்டிரோசிஸ்ட் செல்லின் இரு முனைகளிலும், அண்டைச் செல்லைத் தொடும் இடத்தில், பளிச்சென்று ஒளிரும் சிறு புள்ளிகளைக் கவனியுங்கள். படத்தில் துருவ முண்டுகள் என்று குறிக்கிறோமே, அவைதாம். அவை சயனோஃபைசினால் ஆனவை. ஹெட்டிரோசிஸ்ட் காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன் அங்கே ஆர்ஜினினாகவும் அஸ்பார்டிக் அமிலமாகவும் கட்டுண்டு இருக்கிறது. அங்கேயே இரண்டிரண்டாக வெட்டுண்டு, இணை பிரியாமலே அடுத்த செல்லுக்குக் கடந்து, அங்குப் போய்த்தான் பெரும்பாலும் பிரிகிறது. நாற்பத்தைந்து பெருக்கத்தில் அந்தப் புள்ளி தெரியும்.